கடற்பாசி வளர்ப்பு: கண்ணாடித் தொட்டியில் ஒரு பாடம்

நம் சங்க அங்கத்தினர்களில் நெய்வோரும் பயிரிடுவோரும் பெரும்பாலும் கடலுக்குத் தொலைவில் வாழ்கின்றவர்களே. ஆயினும் கடற்பாசி அவர்களுக்குப் புதிய பொருளன்று. துணியில் அச்சிடும் பட்டறைகளில், சாயம் கோட்டைத் தாண்டிப் பரவாமல் நிற்பதற்காகக் கலக்கும் சோடியம் ஆல்ஜினேட்டு என்னும் பசை பழுப்பு நிறக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவதாகும். ரியாக்டிவ் சாயங்களுக்கு இப்பசையே ஏற்றது. மாவுப் பசையைக் கலந்தால் சாயம் நூலைப் பற்றுவதோடு மாவையும் பற்றிக்கொள்ளும். பின்னர் எவ்வளவு அலசினும் துணி விறைப்பாகவே நிற்கும். ஆல்ஜினேட்டோ சாயத்தோடு சேராது ஒதுங்கி நின்று, அலசும்போது நீரோடு போய்விடும். பயிர் செய்வோரை எடுத்துக்கொண்டால், இப்கோ கூட்டுறவு நிறுவனம் ‘சாகரிகா’ என்ற பெயரில் விற்கும் திரவத்தைப் பலர் வாங்கி இலைமீது தெளித்திருப்பர். அதிலும் கடற்பாசிச் சாறே உள்ளது.

இவ்வாறு கடற்பாசியின் பயனை அறிந்தவர் பலராயினும், அது உயிரோடு வளர்வதைக் கண்டவர் சிலரே. நாமும் நெடுநாள் காணாதவராகவே இருந்தோம். இராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்தில் கூட்டுறவு வங்கிக் கடன் பெற்றுப் பாசி வளர்க்கும் மகளிர் குழு ஒன்றின் கணக்கைப் பார்க்கச் சென்றபோது, ஒரு கோடையில் தவணை நின்றுபோயிருக்கக் கண்டோம். காரணம் வினவியதற்கு, “பாசி வெளுத்துப் போச்சுங்க சார்” என்றனர். பாசி வெளுப்பதாவது யாது என்று நமக்கு விளங்கவில்லை. குறிப்புப் பத்தியில் ‘பராமரிப்பில் கவனக்குறைவு’ என்று எழுதிவிட்டு வந்தோம். எழுதிய சொல் மனத்தை உறுத்திக்கொண்டேயிருந்தது. கடலுக்கு அடியில் நடப்பதைக் காண வழியில்லாமையால், வீட்டிலேயே ஒரு கண்ணாடித் தொட்டி வைத்துக் கடற்பாசி வளர்த்துப் பார்ப்பதென முடிவு செய்தோம். அதனால் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

செடியன்று, பாசி

முதலில் இதன் இயல்பை அறிதல் வேண்டும். கடற்பாசிக்கு வேர் இல்லை, தண்டு இல்லை, பூவும் காயும் இல்லை. வேர் போலத் தோன்றுவது பாறையைப் பற்றிக்கொள்ளும் பிடிப்பே தவிர உணவை உறிஞ்சும் உறுப்பன்று. உடல் முழுவதும் இலைபோல் ஒளியை ஏற்கிறது. உடல் முழுவதும் வேர்போல் நீரிலுள்ள சத்தை உறிஞ்சுகிறது. ஆகவே ஒரு துண்டை ஒடித்து வேறிடத்தில் விட்டால், அத்துண்டுக்குக் குறை ஒன்றும் இல்லை. அது தனிப் பாசியாக வளரத் தொடங்கும். கரும்புக் கரணைக்கு ஒரு கணுவாவது வேண்டும். இதற்கு அதுவும் வேண்டுவதில்லை. வளர்ப்போனுக்கு வரும் இலாபமும், பிறருக்கு நேரும் கேடும் இந்த ஓர் இயல்பிலிருந்தே பிறக்கின்றன.

மேல்நாடுகளில் வீட்டுக்குள் பவளப்பாறைத் தொட்டி வைத்திருப்போர் பலர். உப்புநீர்த் தொட்டியில் உயிருள்ள பவளமும் வண்ண மீனும் வளர்ப்பர். மீனுக்கு இடும் தீவனம் கழிவாகி அம்மோனியா ஆகும். பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நீரில் தேங்கத் தேங்கப் பவளம் நிறம் மங்கி வாடும். வேண்டாத இழைப்பாசி கண்ணாடி முழுதும் படரும். இதனைத் தடுக்க அவர்கள் கண்ட வழி, வேண்டிய பாசியை வேறொரு சிறு தொட்டியில் வளர்த்து, பெரிய தொட்டியின் நீரை அதன் வழியே சுற்றிவரச் செய்வதாகும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி என்னும் அறிஞர் 1980-களில் பாசிப் படுகையைக் கொண்டே பவளத் தொட்டியின் நீரைத் தூய்மை செய்து காட்டியவர். பகலில் பெரிய தொட்டிக்கு விளக்கு. இரவில் பாசித் தொட்டிக்கு விளக்கு. இருளில் எல்லா உயிரும் கரியமில வாயுவை விடுவதால் நீரின் அமிலத்தன்மை ஏறும். ஒரு தொட்டி உறங்கும்போது மற்றொன்று விழித்திருந்தால் அவ்வேற்றம் மட்டுப்படும். நம் நெசவுக் குடும்பங்களில் முறை வைத்துத் தறியில் அமர்வது போன்ற ஏற்பாடு இது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் பவளம் வளர்க்க எவரும் எண்ணற்க. பாறை கட்டும் பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காக்கப்படுபவை. மன்னார் வளைகுடாத் தீவுப் பகுதி 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அழகுக்கென அங்கிருந்து ஒரு பவளக் கல்லை எடுத்து வருதலும் குற்றமே. நாம் வைத்தது மீனும் பாசியும் மட்டுமே உள்ள தொட்டி.

தொட்டி அமைத்தல்

நம் தொட்டி 100 லிட்டர் நீர் கொள்ளும். நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்து ஒரு புறம் சிறு மீன்கள் நான்கும், மறுபுறம் பாசியும் விட்டோம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆக 100 லிட்டருக்கு 3½ கிலோ. இது சமையல் உப்பன்று. கால்சியமும் மக்னீசியமும் பிறவும் கடலில் உள்ள அளவிற் கலந்து, தொட்டிக்கென்றே விற்கும் உப்பாகும். சமையல் உப்பைக் கரைத்து மிச்சம் பிடிக்க எண்ணினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. நீர் நாள்தோறும் ஆவியாகிக் குறையும், உப்பு குறையாது. உப்பளத்தைக் கண்டவர்க்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆதலின் குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றிக்கொண்டே வந்தால் ஒரு மாதத்தில் தொட்டி உப்பளமாகிவிடும். வெப்பம் 24 முதல் 27 டிகிரி வரை இருத்தல் நலம். எல்.இ.டி. விளக்கு ஒன்றும், நீரை ஓயாமல் அசைக்கும் சிறு பம்பு ஒன்றும் போதும். அசையாத நீரில் பாசியின்மேல் தூசி படியும். அதனைச் சுற்றியுள்ள நீரிற் சத்துத் தீர்ந்தபின் புதிய நீர் வந்து சேராது.

பாசியில் முதற்பாடத்திற்கு ஏற்றது கீட்டோமார்பா. பச்சை நைலான் நூல் சிக்கலாகக் கிடப்பது போலத் தோன்றும். தார் சுற்றும் வீட்டிற் குழந்தை கலைத்துப் போட்ட சிட்டத்தை நினைத்துக்கொள்க. எதையும் பற்றாமல் மிதக்கும். வேண்டிய அளவு பிய்த்து எடுக்கலாம். கிராசிலேரியா சிவந்த கொத்தாக வளரும். நம் கரையில் கஞ்சிப்பாசி எனப்படுவது இவ்வினத்ததே. பாசி தின்னும் மீன்களுக்கு நல்ல உணவு. மூன்றாவது காலெர்ப்பா. தரையோடு கொடிபோல் ஓடி, இறகு போன்ற இலைகளை நிமிர்த்தும். பார்ப்பதற்கு இதைப்போல் அழகானது வேறில்லை. நாம் ஏமாந்ததும் இதனிடமே.

வரவும் செலவும்

கணக்குப் பார்ப்பது நம் தொழிலாதலால் தொட்டிக்கும் ஒரு பேரேடு போட்டோம். வரவு என்பது மீன் தீவனம். நாளொன்றுக்கு 1 கிராம் இடுகின்றோம். அதில் 45 விழுக்காடு புரதம் என்று கொள்வோம். புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு தழைச்சத்து. ஆகவே நாளொன்றுக்கு 72 மில்லிகிராம் தழைச்சத்து தொட்டிக்குள் புகுகின்றது; 30 நாளில் 2 கிராமுக்குச் சற்று மேல். அவ்வளவும் நைட்ரேட்டாக மாறுமாயின் 9½ கிராம், அதாவது லிட்டருக்கு 95 மில்லிகிராம் ஆகும். பவளம் வளர்ப்போர் 10 மில்லிகிராமைத் தாண்டினாலே கவலை கொள்வர்.

செலவு என்பது நாம் வெட்டி எடுக்கும் பாசி. பச்சைப் பாசியில் பத்தில் ஒரு பங்குதான் உலர் எடை. உலர்ந்ததில் நூற்றுக்கு 3 பங்கு தழைச்சத்து என்று கொண்டால், 100 கிராம் பச்சைப் பாசி 0.3 கிராம் தழைச்சத்தை வெளியேற்றும். மீனின் உடலிற் சேர்வதும், பாக்டீரியாக்கள் காற்றாக விடுவதுமாகப் பாதி போயிற்று என்று வைத்தாலும், எஞ்சிய 1 கிராமை வெளியேற்ற மாதம் 350 கிராம் பாசியை எடுத்தாக வேண்டும். வாரத்திற்கு ஒரு பெரிய கைப்பிடி.

இதில் பலரும் தவறுமிடம் ஒன்று உண்டு. பாசி வளர்ந்துவிட்டால் நீர் தூய்மையாகிவிட்டது என்று மகிழ்வர். பாசி சத்தை நீரிலிருந்து தன் உடலுக்கு மாற்றி வைத்திருக்கிறது, அவ்வளவே. அது தொட்டியை விட்டு வெளியேறவில்லை. கிடங்கில் துணி அடுக்கியிருப்பதை விற்பனை என்று ஏட்டில் எழுதுவது போன்றதே அம்மகிழ்ச்சி. வெட்டி வெளியே எடுத்தால்தான் செலவு எழுதலாம்.

இதை நன்றாக அறிந்திருந்தும் நாம் தவறினோம். தணிக்கைச் சுற்றுப்பயணம் மூன்று வாரம் நீண்டது. வீட்டார் மீனுக்குத் தீவனம் இட்டனர். பாசியை எவரும் தொடவில்லை. திரும்பி வந்தபோது காலெர்ப்பா தன் பகுதி முழுதும் நிறைந்து, பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருந்தது. அழகாயிருக்கிறதே, ஞாயிறன்று வெட்டுவோம் என்று விட்டுவிட்டோம். வெள்ளியன்று காலை விளக்கைப் போட்டால் தொட்டி நீர் மோர்போல் கலங்கியிருந்தது. பாசி முழுதும் கண்ணாடிபோல் வெளுத்துத் துவண்டு கிடந்தது. மீன்கள் இரண்டு மாண்டன.

காரணத்தைப் பின்னரே படித்தறிந்தோம். காலெர்ப்பா எவ்வளவு நீளமாகப் படர்ந்தாலும் ஒரே உயிரணு. இடையில் சுவர் கிடையாது. இனப்பெருக்கப் பருவம் வந்தால் உடலின் உட்பொருள் அனைத்தையும் பாலணுக்களாக நீரில் விட்டுவிட்டு, வெறும் கூடாக மடியும். மாதக்கணக்கில் சேர்த்த சத்து முழுவதும் ஓர் இரவில் நீருக்கே திரும்பிவிடும். அடிக்கடி வெட்டி வந்தால் இந்நிலை அரிதாகவே நேரும். அன்று பாதி நீரை மாற்றி, எஞ்சிய மீன்களைக் காத்தோம். அதற்குப்பின் நம் தொட்டியில் கீட்டோமார்பாவும் கிராசிலேரியாவுமே.

இன்னுமொரு குறிப்பு, பயிரிடுவோர் விரும்புவது. தழைச்சத்தும் மணிச்சத்தும் ஓர் அளவில் வேண்டும் என்பது கடலுக்கும் பொருந்தும். மிதக்கும் நுண்ணுயிர்ப் பாசிக்கு அணுக் கணக்கில் 16 பங்கு தழைச்சத்துக்கு 1 பங்கு மணிச்சத்து என்பர். பெரும்பாசிகளின் உடலை ஆராய்ந்த அட்கின்சன், ஸ்மித் என்னும் இருவர் 1983-இல் வெளியிட்ட கணக்கு 30-க்கு 1. ஆகவே தொட்டியில் தழைச்சத்தே முதலில் தீரும். மணிச்சத்து தேங்கி நிற்கும். பாசியும் வளராது நிற்கும். ஒளி போதவில்லை போலும் என்று விளக்கை மாற்றுவோர் பலர். சோதனைச் சாறு வாங்கி நைட்ரேட்டைப் பார்த்தால் சுழியாக இருக்கும். யூரியா இடாத வயலில் சூப்பர் பாஸ்பேட்டை மட்டும் கொட்டியது போன்ற நிலை அது.

தொட்டியிலிருந்து கடலுக்கு

இனிக் கடலுக்குச் செல்வோம். மண்டபம், பாம்பன் கரைகளில் தெப்பத்தில் வளர்ப்பது காப்பாபைகஸ் ஆல்வரெசி என்னும் பாசி. இதிலிருந்து எடுக்கும் காராஜீனன் ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் குழைவு தருவது. இது நம் கடலில் பிறந்ததன்று. பிலிப்பைன்ஸ் வழி வந்தது. பவநகரிலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆய்வு நிறுவனம் 1990-களில் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தது. பின்னர் பெப்சி நிறுவனம் உரிமம் பெற்று ஒப்பந்த முறையில் பரப்பியதால், கரையோர மக்கள் இதற்கு இட்ட பெயர் ‘பெப்சிப் பாசி’. 2008-இல் அந்நிறுவனம் விலகியும் பெயர் விலகவில்லை.

தெப்பம் என்பது 12 அடிக்கு 12 அடி மூங்கிற் சட்டம். மூலைகளில் குறுக்கு மூங்கில். பாவு இழுத்தாற்போல் 20 கயிறுகள். கயிற்றுக்கு 20 துண்டுகள். துண்டு ஒன்று 150 கிராம். ஆக 400 துண்டுகள், 60 கிலோ விதைப்பாசி. மீன் கடிக்காமலிருக்க அடியில் வலை கட்டுவர். நங்கூரமிட்டுக் கரையோர ஆழமற்ற நீரில் மிதக்கவிட்டால், 45 நாளில் சராசரி 260 கிலோ கிடைக்கும். 60 கிலோவை மீண்டும் விதைக்கு நிறுத்தினால் 200 கிலோ மிச்சம்; உலர்த்தினால் 20 கிலோ. தொட்டியில் நாம் தீவனக் கணக்குப் பார்த்தோம். இங்கே தீவனமும் இல்லை, உரமும் இல்லை. ஓடும் நீரே நாள்தோறும் சத்தைக் கொண்டுவந்து தருகிறது.

60 கிலோ 45 நாளில் 260 ஆவதென்றால் நாளொன்றுக்கு நூற்றுக்கு 3¼ கூட்டு வட்டி. எந்த நாணயச் சங்கமும் இவ்வட்டி தந்ததில்லை. தருவதாகச் சொன்னால் நாம் உடனே சென்று ஏட்டைக் கைப்பற்றுவோம். மூன்று வாரத்தில் முதல் இரட்டிக்கிறது.

ஆனால் இதே வட்டி, தெப்பத்திலிருந்து ஒடிந்து அலையோடு போகும் துண்டுக்கும் ஓடுகிறது. 1 கிராம் துண்டு தடையின்றி வளருமாயின் ஓராண்டில் 100 கிலோவைத் தாண்டும் என்று காகிதக் கணக்குச் சொல்கிறது. கடலில் மீன் தின்னும், புயல் அடிக்கும், அவ்வளவு ஆகாது. ஆயினும் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் இப்பாசி உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்து மூடியிருப்பதை ஆய்வாளர்கள் 2008-இல் எழுதினர். ஒளி மறைந்த பவளம் மடியும். கையாற் பிடுங்கினாலும் பவளக் கிளையிடையே சிக்கிய நுனி மீண்டும் தழைக்கும். இதற்கு முன்பே, 2005-இல், தமிழக அரசு பாக் நீரிணைக்கு வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே இதனை வளர்க்கலாம் என்று வரையறுத்தது.

தொட்டிப் பாசி சிறிதுதானே, அதனால் என்ன கேடு என்று எண்ணுவோர் மொனாக்கோவில் நடந்ததை அறிதல் வேண்டும். 1984-இல் அங்குள்ள கடலியல் அருங்காட்சியகத்தின் அடிவாரக் கடலில், காட்சித் தொட்டிகளில் வளர்த்துவந்த காலெர்ப்பா வகை ஒன்று ஒரு சதுர மீட்டர் அளவில் காணப்பட்டது. ஐந்தாண்டில் அது ஒரு ஹெக்டேர் ஆயிற்று. படகு நங்கூரத்திலும் வலையிலும் துண்டுகள் சிக்கிப் பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின், குரோவேசியா, துனிசியா வரை பரவியது. 2000-இல் கலிபோர்னியாவின் உப்பங்கழி ஒன்றில் அதே வகை தோன்றியது. அங்கே தாமதிக்கவில்லை. பாசியின்மேல் தார்ப்பாய் போர்த்து அடியில் குளோரின் செலுத்திக் கொன்றனர். முற்றும் ஒழிந்தது என்று அறிவிக்க 2006 வரை ஆயிற்று. செலவு 70 இலட்சம் டாலருக்கு மேல். யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியைக் கழுவி ஊற்றியதன் விலை அது என்றே கருதப்படுகிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பர் நம் முன்னோர். பாசியை அளந்தும் ஆற்றில் போடலாகாது, சாக்கடையிலும் கூடாது. வெட்டிய பாசியை நாம் மொட்டைமாடியில் முறுகக் காயவைத்து, நன்னீரில் உப்புப்போக அலசி, மீண்டும் உலர்த்திக் கறிவேப்பிலைச் செடிக்கு இடுகின்றோம். மாற்றும் தொட்டி நீரையும் கொதிக்க வைத்தே கொட்டுகின்றோம். கடலில் தெப்பம் வைத்திருப்போர்க்கு இது இன்னும் கடினமான வேலை. ஒருவர் தம் தெப்பத்தின் அடிவலையை ஒட்டுப்போட்டு, ஒடிந்ததைப் பொறுக்கி எடுத்தாலும், அடுத்த தெப்பக்காரர் செய்யாவிட்டால் பயனில்லை. கரைக்கு ஒதுங்கும் துண்டுகளைப் பொறுக்கும் கூலியைக் குழுவின் பொதுச் செலவில் எழுத விதிகள் இடந்தர வேண்டும்.

ஒரே துண்டிலிருந்து பெருகியவை எல்லாம் ஒரே உடல் போன்றவை என்பதையும் மறத்தலாகாது. நெல்வயலில் ஒரு கதிர் தாங்காத வெயிலை மற்றொரு கதிர் தாங்கலாம். தெப்பங்களில் அவ்வேற்றுமை மிகக் குறைவு. 2013-ஐ ஒட்டிக் கடல்நீர் வெப்பம் ஏறியபோது இராமநாதபுரம் கரையில் தெப்பங்கள் பெருமளவில் அழிந்தன; விதைக்கும் பாசி கிட்டாமையால் விளைச்சல் பல ஆண்டுகள் பழைய அளவை எட்டவில்லை. வெப்பமோ உப்புக் குறைவோ தாக்கினால் பாசியின் நுனியும் கணுவும் பனிக்கட்டிபோல் வெளுத்து, அங்கங்கே ஒடிந்து விழும். பிலிப்பைன்ஸ் பாசி உழவர் இதற்கு ‘ஐஸ்-ஐஸ்’ என்று பெயரிட்டனர். நம் காலெர்ப்பா மடிந்தது வேறு காரணத்தால். இது வேறு நோய். ஆயினும் முதல்நாள் வரை கொழுத்து நின்ற பாசி சில நாளில் வெளுத்துச் சரிவதை ஒருமுறை கண்ணாற் கண்டவர், கடலில் நின்று அதைக் கண்டவர் சொல்லை ஐயுறமாட்டார்.

அடுத்த ஆண்டு அக்குழுவின் கணக்குக்கு மீண்டும் சென்றோம். அக்கோடையில் பக்கத்துத் தெப்பங்களுக்கு நேர்ந்ததை விசாரித்தோம்; எல்லார் பாசியும் அதே பதினைந்து நாளில் வெளுத்திருந்தது. புதிய அறிக்கையில், சென்ற ஆண்டின் ‘கவனக்குறைவு’ என்ற குறிப்புத் தவறென்றும், விதைப்பாசி வெப்பத்தால் அழிந்ததே தவணை நின்றதற்குக் காரணம் என்றும் எழுதி, கடன் தவணையை மாற்றியமைக்கப் பரிந்துரைத்தோம். இருப்புப் புத்தகத்தில் விதைப்பாசிக்குத் தனிப்பக்கம் ஒதுக்கவும், அதை ஒரே இடத்தில் வையாமல் இரண்டு வேறு கரைகளில் பிரித்து வைக்கவும் சொன்னோம். அவர்களில் மூத்தவர் ஒருவர், “அதத்தான் சார் நாங்க அன்னைக்கே சொன்னோம்” என்றார்.